ஈட்டிப் பலகையும் நான்கு திருகுகளும்

எலெக்ட்ரிக் கிடாரைப் புரட்டிப் பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகடும் அதில் நான்கு திருகுகளும் தெரியும். எல்லா கிடார்களிலும் இருக்காது. லியோ ஃபெண்டர் வழிவந்தவற்றில் இருக்கும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் அவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் வாத்தியம் பழுதானால் கலைஞர்கள் படும் பாட்டைக் கடையில் உட்கார்ந்தே பார்த்தவர். பசை போட்டு ஒட்டிய கழுத்து வளைந்துபோனால் முழு வாத்தியமும் பட்டறையில் கிடக்க வேண்டும். திருகி மாட்டியதென்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டுக்கொண்டு அன்றிரவே கச்சேரிக்குப் போகலாம். 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற அவருடைய கிடார் இந்த யோசனையில் பிறந்தது. தட்டையான பலகை உடல், தனியே ஒரு கழுத்து, இரண்டையும் சேர்க்க நான்கு திருகுகள்.

என்னைப் போன்றவர்களுக்கு வழிவிட்டவையும் அந்தத் திருகுகள்தான். உடலையும் கழுத்தையும் தனித்தனியே வாங்கி, விரும்பிய மரத்தில் விரும்பிய கிடாரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2018இல், வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில் குடியிருந்தபோது, நான் அப்படி ஒன்றைச் செய்தேன்.

நான் கூடலூர்க்காரன். அப்பா தச்சர், கோவைப் பக்கத்திலிருந்து மர வேலைக்காக மலையேறி வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையில் இழைப்புளிச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்தும் நான் உளி பிடிக்காமல் இயந்திரப் படிப்புக்குப் போனேன். கோவையில் கல்லூரிக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசித்தேன். குழுவின் கிடாரில் கம்பிகள் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றன. இரண்டு பாட்டு முடிவதற்குள் விரல் நுனி கன்றிவிடும். ஒழுங்காகச் சீர்செய்த கிடார் என்பது எப்படி இருக்கும் என்று அமெரிக்கா வந்த பிறகுதான் கைக்குத் தெரிந்தது. கென்ட்டுக்குப் பக்கத்து ஊரான ரெண்டனில் விமான உதிரிபாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலை. அதே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அடக்கமாகியிருக்கிறார். வேலை முடிந்து வரும் வழியில் பலமுறை அங்கே போய் நின்றிருக்கிறேன். வலக்கைக்காரர்களுக்குச் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்த இடக்கைக்காரர். வாத்தியத்தைத் தன் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளத் தயங்கக் கூடாது என்பதற்கு அவரைவிட வேறு யாரைச் சொல்வேன்?

கென்ட்டுக்குப் பக்கத்தில் பியூயாலப் என்று ஓர் ஊர். கிடார் உடலையும் கழுத்தையும் கேட்ட மரத்தில் அறுத்துக் கொடுக்கும் வார்மோத் நிறுவனம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய மரப் பட்டியலைப் படிப்பதே எனக்குப் பல மாதங்கள் இரவுப் பொழுதாக இருந்தது. ஹவாயின் கோவா, மத்திய அமெரிக்காவின் ஜிரிகோட்டி, ஆப்பிரிக்காவின் வெங்கே, புபிங்கா, அறுத்த பின் காற்றுப் பட்டு ஊதாவாக மாறும் பர்ப்பிள்ஹார்ட். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஆற்றோரங்களில் களைபோல் தானாக முளைக்கும் ஆல்டர் மரம்தான் 1956 முதல் ஃபெண்டர் கிடார் உடல்களுக்கு வாடிக்கையான மரம். என் வீட்டுக்குப் பின்னாலேயே நின்றது. இலேசானது, மலிவானது, வண்ணம் நன்றாகப் பிடிக்கும். அதில் செய்த டெலிகாஸ்டர் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்ததால், இந்தக் கிடாருக்கு வேறு மரம் தேடினேன். உடலுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் லிம்பா. கிப்சன் நிறுவனம் 1958இல் ஃப்ளையிங் வி கிடார்களை இந்த மரத்தில்தான் செய்தது. கொரினா என்று பெயர் சொல்லி விற்றார்கள். வைக்கோல் நிறத்தில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும் பலகையாக நான் கேட்டேன். கழுத்துக்கு ஆப்பிரிக்கப் படாக். நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் அது ஒரே பேரினத்து உறவு. வேங்கைப் பாலில் சாந்துப் பொட்டு வைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கழுத்தின் மேல், விரல் ஓடும் ஃப்ரெட் பலகைக்கு, பட்டியலில் மிகச் சாதாரணமாக ஒரு வரியில் கிடந்த இந்திய ரோஸ்வுட். அதாவது ஈட்டி.

கழுத்து வந்த அன்று அப்பாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் காட்டினேன். கேமராவுக்கு அருகில் கொண்டுவரச் சொன்னார். பின்பக்கத்துச் சிவப்பைப் பார்த்து, "வேங்கையாட்டம் இருக்குது, ஆனா வேங்கை இல்லை" என்றார். பிறகு முன்பக்கத்தைத் திருப்பினேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"சாமி, இது நம்ம ஈட்டியாச்சே. அங்க எப்படி வந்துச்சு?"

"இங்க கிடாருக்கெல்லாம் இதைத்தான் போடறாங்கப்பா."

"சீட்டு இருக்குதா?"

எவ்வளவு விலை என்று அவர் கேட்கவில்லை, எப்படி வாசிக்கும் என்றும் கேட்கவில்லை. கூடலூரில் தச்சு வேலை செய்தவர் வேறெதைக் கேட்பார்? எங்கள் ஊரில் ஈட்டிக் கட்டையைக் கையில் வைத்திருப்பவன் வனத்துறை அனுமதிச் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். ஈட்டியைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்றிருந்தது. சீட்டில்லாத கட்டையை எவ்வளவு வைரம் பாய்ந்ததாக இருந்தாலும் அப்பா பட்டறைக்குள் ஏற்றியதில்லை. அவர் கேட்ட பிறகு நானும் விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன். மரம் எந்த நாட்டிலிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தது என்று பதில் வந்தது. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிய பிறகே உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.

அந்தக் கேள்வியின் பின்னால் பெரிய கதை இருக்கிறது. கிடார் உலகம் முதலில் ஆசைப்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டுக்கு. அது அருகிப்போகத் தொடங்கியதும், 1969இல் மார்ட்டின் நிறுவனம் தன் கிடார்களுக்கு இந்திய ஈட்டியை எடுத்துக்கொண்டது. மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். 1992இல் பிரேசில் மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏறி, அதன் வணிகம் ஏறக்குறைய நின்றது. 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினத்தின் மற்ற இனங்கள் எல்லாமும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அந்த மரம் சேர்ந்து, நாடு விட்டு நாடு விற்கும் கிடாருக்கெல்லாம் சீட்டு தேவைப்பட்டதால் பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ போன்ற மாற்று மரங்களுக்குப் போயின. என் கிடாரின் கழுத்தை நான் வாங்கியது இந்தக் கெடுபிடிக் காலத்தில்தான். முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. பலகையாகவும் கட்டையாகவும் போகும் மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

சட்டவிரோதமாக வந்த மரம் என்ற சந்தேகத்தில் கிப்சன் தொழிற்சாலைகளில் அமெரிக்க அதிகாரிகள் 2009இலும் 2011இலும் சோதனை நடத்தியதைப் பலர் அரசியல் சண்டையாக மட்டும் பார்த்தார்கள். முதலாவது மடகாஸ்கர் கருங்காலிக்காக. இரண்டாவது, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காக. 2012இல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மடகாஸ்கர் மரத்தை விட்டுக்கொடுத்தது. இந்திய மரம் அதற்குத் திரும்பக் கிடைத்தது. இந்திய மரம் தொடர்பான சட்ட விளக்கத்தில் இரு தரப்பு வாதமும் உண்டு. ஆனால் மடகாஸ்கர் காடுகளில் அந்த ஆண்டுகளில் நடந்தது கொள்ளை. அதில் இரு தரப்பு இல்லை.

கருங்காலி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுக் கறுப்பாக இருந்தால்தான் கிடாருக்கு ஆகும் என்று உலகம் பிடிவாதமாக இருந்தது. ஆனால் மரத்தை வெட்டும்வரை உள்ளே கறுப்பா, பழுப்புக் கோடா என்று தெரியாது. கேமரூனில் 2011இல் ஒரு கருங்காலி ஆலையை வாங்கிய டெய்லர் கிடார் நிறுவனத்தின் பாப் டெய்லர், பத்து மரத்தில் ஒன்றே முழுக் கறுப்பாக இருப்பதையும் மற்றவை வெட்டிய இடத்திலேயே விடப்படுவதையும் அறிந்தார். இனி கோடு விழுந்த மரத்தையும் தன் கிடார்களில் போடுவேன் என்று அறிவித்தார். ஒலியில் எந்தக் குறையும் இல்லாத மரம், நிறத்துக்காகக் காட்டில் மக்கிப் போயிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து கறை, கோடு, முடிச்சு உள்ள பலகையைக் கண்டால் எனக்கு மரியாதை கூடிவிடுகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். உதிரிகளை வாங்கித் திருகி மாட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டும் வேலையை இயந்திரம் முடித்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் பெட்டியில் வருவது வாத்தியம் ஆகாது. கம்பி உயரமாக நிற்கும், சில இடங்களில் ஃப்ரெட் எனும் உலோக மெட்டில் உரசி இரையும், மேலே போகப் போகச் சுருதி விலகும். விரலுக்கும் காதுக்கும் ஒத்துவரும்படி அதை ஆக்குவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நடக்கும் வேலை. விமான உதிரிகளை அளந்து பழகிய எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்தது.

லிம்பா உடலை முதலில் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். "ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சு, காயவிடு. படுத்திருக்கிற நார் எல்லாம் எந்திரிக்கும். அப்பத் தேயி" என்றார் அப்பா. அப்படியே எழுந்தது. கண்ணாடிபோல் இருந்த பலகை காய்ந்ததும் பூனை நாக்காகச் சொரசொரத்தது. மறுபடி தேய்த்தபின் எண்ணெய் பூசினேன். அரக்கு மினுக்கு எனக்கு வேண்டாம். கை படும்போது மரம் மரமாகத் தெரிய வேண்டும். முதல் பூச்சிலேயே உள்ளே மங்கிக் கிடந்த கருங்கோடுகள் விழித்துக்கொண்டன. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது என்பதை இந்த வேலையில் இறங்குபவர்கள் மறக்கவே கூடாது. காயும் எண்ணெய் சூடு கக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

படாக் கழுத்துக்கு எந்தப் பூச்சும் தேவைப்படவில்லை. அதன் உடம்பிலேயே போதுமான எண்ணெய் இருக்கிறது. மேப்பிள் போன்ற மரமானால் ஈரம் உள்ளே புகாதபடி மேலே பூசியே ஆக வேண்டும். படாக், வெங்கே, ஈட்டி போன்றவற்றை வெறுமனே விடலாம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் மெருகேற்றினால் போதும். வியர்த்த கை வழுக்கிக்கொண்டு போகும். அரிய மரக் கழுத்துக்கு நான் முதல் மதிப்பெண் தருவது இதற்காகத்தான்.

திருகுகளைப் பற்றியும் அப்பா எச்சரித்தார். வைரம் பாய்ந்த மரத்தில் வெறும் திருகை ஏற்றினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். சரியான அளவில் துளையிட்டு, திருகில் சோப்பைத் தடவி ஏற்ற வேண்டும். நான்கு திருகுகளும் இறுகி, கழுத்து உடலின் குழிக்குள் தாள் நுழையும் இடைவெளிகூட இல்லாமல் உட்கார்ந்தபோது பட்டறை முழுக்கக் கேட்கும்படி அப்பாவைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. கூடலூரில் அப்போது நடுராத்திரி.

பிறகு ஃப்ரெட் வேலை. கம்பி நீளம் 648 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 36.4 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது சரிபாதியில் 324இல். ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான தூரம் கணக்குப்படி குறைந்துகொண்டே போகும். தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுபவர் மெழுகின் மேல் மெட்டுகளை வைத்து, காதால் கேட்டு, நகர்த்தி நகர்த்தி இடம் பிடிப்பார். கிடாரில் அந்தச் சலுகை இல்லை. இடம் அறுத்தபோதே முடிவாகிவிட்டது. உயரம் மட்டுமே நம் கையில். ஃப்ரெட்டுகளின் முதுகில் மார்க்கர் மையைப் பூசி, நேர்த்தகட்டில் உப்புத்தாள் ஒட்டி ஓட்டினால், மேடான இடத்தில் மை அழியும். பள்ளமானதில் அப்படியே இருக்கும். எல்லா மையும் ஒன்றாக அழியும்வரை ஓட்டி, தட்டையான முதுகுகளை அரத்தால் மறுபடி உருட்ட வேண்டும். தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறிப்போகும் நட், மாட்டெலும்பில் செய்தது. ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஓர் அரம். இரண்டு இழுப்பு அதிகமானால் கம்பி கீழே இறங்கி இரையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இது.

கம்பிகளைப் போட்டு முறுக்கினால் ஆறும் சேர்ந்து கழுத்தை 45 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதை எதிர்த்து நிற்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதைக் கால் சுற்று திருப்பிவிட்டு, மரம் அடங்க ஓரிரவு பொறுத்து, காலையில் அளந்து பார்க்க வேண்டும். மின்வேலை எனக்கு எளிது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப், ஒலியளவுக்கும் தொனிக்கும் 250 கிலோ ஓம் கட்டுப்பாடுகள், ஒரு மூன்றுநிலைச் சுவிட்ச். குழிகளுக்குள் செம்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் குறையும்.

மரம் ஒலியை மாற்றுகிறதா? கிடார்க்காரர்கள் ஓயாமல் வாதாடும் விஷயம் இது. என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் கலைந்து மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் கேட்பது கம்பியைத்தான். ஆல்டர் உடலில் இருந்த என் பழைய டெலிகாஸ்டரிலும் இந்தக் கிடாரிலும் ஒரே வகைப் பிக்கப்புகள், ஒரே கம்பிகள். ஆம்ப் எனும் ஒலிபெருக்கியில் மாட்டாமல் வாசித்தால் வேறுபாடு நன்றாகவே கேட்டது; லிம்பாவும் படாக்கும் நெஞ்சில் சாய்ந்து அதிர்வது எலும்பில் தெரியும். ஆம்ப்பில் மாட்டி, எது எதுவென்று சொல்லாமல் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது யாராலும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. பிக்கப்பைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டே கொண்டுபோனால் வரும் மாற்றம், ஆயிரம் மைல் தாண்டி வந்த மரத்தால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது.

அதனால் அந்த மரங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். கைக்கும் கண்ணுக்கும் அவை தருவது மெய்யானது. கழுத்து கையில் உட்காரும் விதம் சரியாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வாசிக்கத் தோன்றும். வாசித்தால் வாசிப்பு தேறும். என் கிடாரின் படாக் இத்தனை ஆண்டு வெளிச்சத்தில் ஆரஞ்சுச் சிவப்பிலிருந்து பழுப்புக்கு வந்துவிட்டது. ஈட்டிப் பலகை விரல் பட்டுப் பட்டுக் கறுத்து மின்னுகிறது. ஆனால் அரிய மரம் இல்லாவிட்டால் நல்ல கிடார் இல்லை என்ற பேச்சில் உண்மையில்லை. ஒலிக்காக அந்த மரம் தேவையில்லை என்றால், வழி தெரியாமல் வந்த மரத்தை வாங்குவதற்கு நமக்கு ஒரு நியாயமும் மிச்சமில்லை. வெங்கே இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் ஒன்று. ஆப்பிரிக்கப் படாக்கும் 2022இல் எடுத்த முடிவின்படி சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஊருக்குப் போனபோது கிடாரை அவர் மடியில் வைத்தேன். வாசிக்கச் சொல்லவில்லை அவர். கழுத்தையும் உடலையும் சேர்த்த மூலையில் நகத்தை ஓட்டிப் பார்த்து, "இடைவெளி இல்லை" என்றார்.

கிடார் செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது தமிழ்நாட்டிலும் பலர் இருக்கிறார்கள். முதல் கிடாரைப் பலாவிலோ மாமரத்திலோ பழைய தேக்குக் கதவிலோ செய்யுங்கள். பணத்தை நல்ல பிக்கப்பிலும் நல்ல அரங்களிலும் போடுங்கள். ஃப்ரெட்டைச் சீர்செய்யக் கை பழகிய பிறகு அரிய மரத்தில் ஒன்று வேண்டுமென்றால், அது எந்தக் காட்டு மரம், யார் அனுமதித்து வெட்டியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சீட்டைக் காட்டினால் வாங்குங்கள். காட்டாவிட்டால், பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.